வயிறு ஒட்டிய கத்தி

சிந்தியாவிடம் யாரும் எதையும் சும்மா வாங்கிவிட முடியாது. மலேசியாவில் கம்போங் ராஜாவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வருடமாக அவள்தான் ஸ்டோர் கிராணி, சாமான் கொடுத்துக் கணக்கு எழுதுகிறவள். மண்வெட்டி, மழைக்கோட்டு, பூட்ஸ், கவாத்துக் கத்தி, எதுவானாலும் பழையதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால்தான் புதியது கைக்கு வரும். "பெத்த அப்பனுக்கே பழைய பூட்ஸ் இல்லாம புது பூட்ஸ் குடுக்காதவ" என்று அவளுடைய அப்பா அமல்தாஸ், தோட்டத்து லோரி டிரைவர், மாதா கோயில் வாசலில் நின்று பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது பெருமையா புகாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கத்திக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. சுவரில் ஒரு தகரத் தகடு தொங்கும். அதில் ஒரு வெட்டு. கத்தி அலகில் பிடியை ஒட்டிய இடத்தை அந்த வெட்டுக்குள் சொருகிப் பார்க்க வேண்டும். உள்ளே போனால் தேய்ந்த கத்தி, புதியது கொடுக்கலாம். போகாமல் நின்றால் இன்னும் ஓடும் கத்தி, ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம். எந்தக் காலத்து துரையோ போட்ட சட்டம். சிந்தியா அதை எழுத்துப் பிசகாமல் நடத்திவந்தாள்.

வயது முப்பத்து நான்கு. கல்யாணப் பேச்சை எடுத்தால் "பாக்கலாம்" என்பாள், பார்க்கமாட்டாள். விடியற்காலையில் எழுந்து, வேலைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆயுதம் செய்வாள். வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. "அக்கா ஆயுதம் செய்யுது" என்பதுதான் ராய்ஸ்டன் சொல்லிவிட்டுப் போன பெயர்.

ராய்ஸ்டன் அவள் தம்பி. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டில் போட்டுவிட்டுப் போனான். புது ஆட்டம் எதுவும் அதில் ஓடாது. ஓடிய ஒரே ஆட்டம் ஹார்க்கன் என்கிற சண்டை கேம். வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. உண்டாக்கிய கம்பெனியை மூடிவிட்டார்கள். மூடுபனி, செங்குத்தான மலை, வழுக்குகிற பாதை. நம்ம ஊரு மாதிரியே இருக்கே என்று உள்ளே போனவள், அப்புறம் வெளியே வரவில்லை.

அந்த ஆட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உலகமெங்கும் சில ஆயிரம் பேர். வருடத்துக்கு ஒரு முறை தாங்களே செய்த புது ஆயுதங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தில் சேர்ப்பார்கள். சேர்ப்பதற்கு ஒரு சோதனை. அவர்கள் அதை 'வரிசை' என்பார்கள். பழைய ஆயுதங்கள் பதினொன்று, புதியது ஒன்று, பன்னிரண்டு படத்தையும் கலந்து வரிசையாக வைப்பார்கள். வெளியிலிருந்து வந்தது எது என்று பழைய ஆட்டக்காரர்கள் கை காட்ட வேண்டும். பாதிப் பேருக்கு மேல் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆயுதம் வெளியே. ஒரு முறை வெளியே போனால் போனதுதான், திரும்பக் கொண்டுவரக் கூடாது.

இது லேசான காரியமில்லை. ஹார்க்கனில் மொத்தம் அறுபத்து நான்கு ஆயுதம். எல்லாவற்றுக்கும் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்துதான் விழும். ஓரக்கோடு கறுப்பாக இருக்காது, கருகிய பழுப்பாக இருக்கும். இரும்புக்கு மூன்றே நிறம். நிழலை மட்டும் பார்த்தாலும் இன்ன ஆயுதம் என்று தெரிய வேண்டும். சிந்தியா முதலில் செய்த ஈட்டிக்கு ஓரம் கறுப்பாகப் போட்டுத் தோற்றாள். இரண்டாவது கோடரிக்கு நான்காவதாக ஒரு நிறம் சேர்த்துத் தோற்றாள். மூன்றாவது வருடம் கவாத்துக் கத்தியில் கை வைத்தாள்.

கேட்டவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு யோசனை வைத்திருந்தார்கள். கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மைமூன், "மலேசியாக்காரி நீ, கெரிஸ் போடேன்லா. வெள்ளக்காரன் வாயப் பொளந்துடுவான்" என்றாள். அமல்தாஸ், "மிக்கேல் சம்மனசு கையில இருக்கிற வாள போடு, புண்ணியமாச்சும் கெடைக்கும்" என்றார். சிந்தியா இரண்டு பேரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கெரிஸ் என்கிற அந்த மலாய்க் குத்துவாளை அவள் மியூசியத்துக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறாள். கவாத்துக் கத்தியோ தினமும் அவள் மேசைக்கு வருகிறது.

மெஷின் ஏற முடியாத சரிவில் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட அந்தக் கத்திதான். முனை, காடு வெட்டுகிற பாராங் கத்தியைப் போல நேராகப் போகாமல் உள்ளே வளைந்திருக்கும். வெட்டுகிற ஆள் இடுப்பில் சாணைக்கல் வைத்திருப்பான். நாலு செடிக்கு ஒரு தரம் தீட்டித் தீட்டி அலகு நடுவில் குழிந்துபோகும். வயிறு ஒட்டிய கத்தி என்பார்கள். சிந்தியா செய்தது அப்படிப்பட்ட ஒன்றைத்தான். முழுசாக மூன்று மாதம் செய்தாள். அனுப்பிய அன்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

நான்காம் நாள் பதில் வந்தது. தேர்வு செய்கிறவர்களில் ஒருவன் நார்வேக்காரன், ஓல்ட்ஹேமர் என்பது அங்கே அவன் வைத்துக்கொண்ட பெயர். நிறம் அருமை, வெளிச்சம் அருமை, ஆனால் அலகில் ஒரு பிழை, நடுவில் உள்ளே போயிருக்கிறது என்று எழுதியிருந்தான். எழுதியதோடு விட்டானா? அவள் அனுப்பிய கோப்பைத் தானே திறந்து, அந்தக் குழிவை நிரப்பி, கத்தியைப் பிறை நிலாவாக்கி, இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தான். கீழே 'இப்போது சரியாக இருக்கிறது' என்று ஒரு வரி. அதற்கு நாற்பது பேர் கை தட்டியிருந்தார்கள். சரி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தி நேராக வரிசைக்குப் போகும்.

சிந்தியாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. யாரைக் கேட்டு நிரப்பினான்? ஒன்பது வருடமாகத் தேய்ந்த கத்தியைக் கையில் வாங்குகிறவளுக்கு, பிறந்ததிலிருந்து ஒரு செடியைக்கூட வெட்டியிராதவன் அலகு சொல்லிக் கொடுக்கிறானா? 'அது பிழை இல்லை. கல்லில் தீட்டித் தேய்ந்தது. தொடாதே' என்று எழுதினாள். அவன் விடவில்லை. தேய்ந்து போன ஆயுதத்தை வைத்துக்கொண்டு எவன் சண்டைக்குப் போவான், அப்படி ஒரு கத்தி நிஜத்தில் இருந்தால் படம் எடுத்துப் போடு, ஒத்துக்கொள்கிறேன் என்றான்.

படம்தானே, எடுத்துவிடலாம் என்று ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்த கத்திகளைப் பழைய இரும்புக்காரன் போன வாரம்தான் அள்ளிக்கொண்டு போயிருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று மாதமாகத் தன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஏதோ பொதுவான கத்தி இல்லை, ஒரே ஒரு கத்தி. அது கவாத்து வெட்டுகிற சின்னக்கருப்பனுடையது. அது இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது, ஏனென்றால் தகட்டில் அது நுழையவில்லை, அவள் வாங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வெட்டிக்கொண்டிருந்த பத்தாம் நம்பர் மலைக்கு ஏறினாள். சின்னக்கருப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. நேப்பாளத்துப் பையன்கள் நாலு பேரோடு வரிசை பிடித்து வெட்டுகிற ஒரே தமிழர் அவர்தான். வாய் அதிகம் பேசமாட்டார். பேசினால் அடுத்தவர் வாயை மூடவைத்துவிடுவார்.

"அண்ணே, உங்க கத்திய ஒரு படம் எடுத்துக்கவா?"

"எதுக்கு? மறுபடியும் இல்லன்னு சொல்றதுக்கா?"

"இல்லண்ணே, வேற விஷயம். இங்க பாருங்க." அவள் கைப்பேசியை நீட்டினாள். ஹார்க்கன் மலையில், பனிக்குள், ஒரு ஆள் அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சின்னக்கருப்பன் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என்னோடதுல்ல?"

"ஆமாண்ணே."

"இந்த வயிறு, இந்த மூக்கு. என்னோடதேதான்." ஒரு மாதிரி சந்தோஷம்கூட அவர் குரலில் இருந்தது. "யாரு இவன்?"

"கேம்ல வர்ற ஆளுண்ணே. மலையில சண்ட போடுறவன்."

"இவனுக்கும் புதுசு குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?"

சிந்தியா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"மூணு வாட்டி வந்தேன், கிராணிம்மா. மூணு வாட்டியும் அந்தத் தகரத்துல சொருகுன, 'இன்னும் ஓடும்ணே, போங்க'ன்னு சொன்ன. எம் மூஞ்சிய நிமிந்துகூடப் பாக்கல. கத்திய மட்டும் இவ்ளோ நல்லாப் பாத்து வச்சிருக்க."

"அது துரை போட்ட ரூல்ண்ணே, நான் என்ன செய்ய..."

"துரையா வந்து தகரத்துல சொருகுனாரு?"

அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, கத்தியைப் பிடிப்பக்கமாக நீட்டினார்.

"பிடி. அந்தச் செடிய வெட்டு."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாமலா வரைஞ்ச? வெட்டு."

நேப்பாளத்துப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிந்தியா சரிவில் காலை ஊன்றி, கட்டைவிரல் தடிமனில் ஒரு கிளையைப் பார்த்து வீசினாள். அலகின் குழிவு கிளையைப் பிடிக்காமல் வழுக்கியது. மறுபடி வீசினாள். தோல் உரிந்தது. மூன்றாவதும் நான்காவதும் கிளையில் போய் மாட்டி நின்றன. ஐந்தாவது வீச்சில் கிளை ஒடிந்தது, வெட்டுப்படவில்லை, ஒடிந்தது. மணிக்கட்டிலிருந்து தோள் வரை வலி சுரீரென்று ஏறியது.

"ஒரு செடிக்கு இப்படி எத்தன கெளை? ஒரு நாளைக்கு எத்தன செடி? கணக்கு போட்டுப் பாரு, நீதான் கிராணியாச்சே." அவர் தன் வலது மணிக்கட்டைக் காட்டினார். மோட்டார் சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டியிருந்தார். கட்டுக்கு மேலேயும் கீழேயும் வீங்கியிருந்தது. "இது தேஞ்சது நடு வயித்துல. நீ அளக்குறது பிடிகிட்ட. அங்க எப்படிம்மா தேயும்? அங்க எவன் வெட்டுவான்?"

ஒன்பது வருடத்தில் இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை என்பதில்லை. சொன்னவர்களை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். தேய்ந்த அலகின் அழகெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அது வெட்டாது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. தேய்ந்த கத்தியை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று மட்டுமே பார்த்தவள் வேறு எப்படிச் செய்வாள்? ஆட்டத்தில் அதற்குத் தாக்கும் பலம் நூற்றுக்குத் தொண்ணூறு என்று போட்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போது அவமானமாக இருந்தது.

படம் எடுக்காமலே இறங்கினாள். ஸ்டோரைத் திறந்து, எண்ணெய்த் தாளைப் பிரித்து, புதுக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு அதே மலைக்கு இரண்டாம் முறை ஏறினாள். சின்னக்கருப்பன் அதன் கூர்மையைக் கட்டைவிரலில் தடவிப் பார்த்தார்.

"பழச குடுக்க மாட்டேன்" என்றார்.

"கேக்கலண்ணே."

"நீ கேட்டாலும் மாட்டேன். மூணு வாட்டி நீ வாங்க மாட்டேன்னு சொன்ன சாமான். இனிமே அது என் சாமான்."

திங்கட்கிழமை காலையில் தகட்டைச் சுவரிலிருந்து கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் போட்டாள். பதிவேட்டில் பழைய கத்திக்கான இடத்தில் 'திரும்ப வாங்கவில்லை, தகடு தப்பான இடத்தில் அளக்கிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். துணை மேனேஜர் வந்து இது என்ன புதுப் பழக்கம் என்றார். "தேஞ்ச கத்தி ஒண்ணு தர்றேன் சார், பத்தாம் நம்பர்ல போயி ஒரு செடி வெட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

இனி ஓல்ட்ஹேமர். முன்பு அவனோடு சண்டை போட்டது தன் வேலைப்பாட்டைத் தொட்டுவிட்டானே என்ற ரோஷத்தில். இப்போது அந்தக் குழிவு அவளுடையது இல்லை, ஒரு மனிதன் பட்ட பாடு. அதை மண் போட்டு நிரப்புவதுபோல நிரப்பிவிட்டு, சரியாக இருக்கிறதாம். நேரே எழுதினாள்.

'படம் கிடையாது. கத்தி இருக்கிறது, அதன் சொந்தக்காரர் இருக்கிறார், அந்தக் கத்தியால் வெட்டிப் பார்த்தேன், என் கை இன்னும் வலிக்கிறது. தேய்ந்த ஆயுதத்தை எவன் வைத்திருப்பான் என்று கேட்டாய். புதியது கொடுக்க மறுக்கப்பட்டவன் வைத்திருப்பான். ஹார்க்கனின் அறுபத்து நான்கு ஆயுதத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார். முழுசாக இருப்பது ஒன்று உண்டா? கோடரிக்கு ஒரு மூலை இல்லை. ஈட்டிக் கம்பில் கட்டைவிரல் பள்ளம். கேடயத்தில் தைத்த தோல். அதை வரைந்தவருக்கு அதைப் பிடித்தவன் யார் என்று தெரிந்திருந்தது. நீ இருபது வருடமாக ஓரக்கோட்டின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். வளைவில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்த மாட்டேன். அப்படியே வரிசையில் வை.'

பலத்தைத் தொண்ணூறிலிருந்து பன்னிரண்டுக்கு இறக்கினாள். ஹார்க்கனில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கீழே இரண்டு வரி விளக்கம் வரும். முன்பு அங்கே மலைவீரர்கள், பனி, பரம்பரை என்று என்னமோ அளந்துவிட்டிருந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு இப்படி எழுதினாள்: 'மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டான். தரவில்லை, இதை வைத்தே மலையை முடித்தான்.'

இரண்டு நாள் கழித்து அவன் எழுதினான். சரி, அப்படியே வைக்கிறேன். பாதிப் பேர் கண்டுபிடித்துவிட்டால் அதோடு முடிந்தது, அப்புறம் நீ நிரப்பிக் கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. யோசித்துக்கொள். சிந்தியா யோசிக்கவில்லை. "வை" என்று ஒரே சொல்லை அனுப்பினாள்.

முடிவு வருகிற நாள் ஞாயிறு. பூசை முடிந்ததும், இணையம் நன்றாகக் கிடைக்கிற மைமூன் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு வாக்கு முடியும். மைமூன் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அதான் அந்த ஆளு நல்ல மாதிரி செஞ்சு குடுத்தான்ல? சரின்னு சொல்லிட்டுப் போறத விட்டுட்டு, பெரிய தொல்ல, சுசாலா உன்னோட."

"என்னோட சாமானா இருந்தா சொல்லியிருப்பேன்க்கா."

"தோத்துட்டா?"

"தோத்தா தோத்ததாவே இருக்கட்டும். பொய்யா ஜெயிக்க மாட்டேன்."

பக்கத்து மேசையில் சின்னக்கருப்பன் இருந்தார். சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர், மூட்டையைக் காலடியில் வைத்துவிட்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பன்னிரண்டு அடித்தது. சிந்தியா திரையைப் பார்த்தாள். வாக்குப் போட்டவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர். முக்கால்வாசிப் பேர் பழைய ஈட்டி ஒன்றைக் காட்டி இதுதான் வெளியிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்திருந்தார்கள். அவள் கத்தியைக் காட்டியவர்கள் இருபத்து மூன்று பேர். கீழே ஓல்ட்ஹேமர் எழுதியிருந்தான்: 'ஒத்துக்கொள்கிறேன், சேர்த்துவிட்டேன். விளக்கத்தில் அந்தத் தரவில்லை என்கிற வரியை மட்டும் எடுத்துவிடலாமா? கொஞ்சம் குறை சொல்வதுபோல இருக்கிறது.'

'குறைதான். எடுக்க முடியாது' என்று தட்டி அனுப்பினாள். சந்தோஷத்தில் மைமூனைக் கூப்பிட வாயெடுத்தவள், கூப்பிடாமல் எழுந்து பக்கத்து மேசைக்குப் போனாள்.

"அண்ணே, உங்க கத்தி பாஸாயிடுச்சு."

"அப்படியா." அவர் டீயை ஒரு மிடறு குடித்தார். "என்னா பரீச்ச அது?"

"பழைய ஆயுதங்களுக்கு நடுவுல நம்மளத வைப்பாங்க. புதுசா வந்தது எதுன்னு கண்டுபிடிக்கணும். நூத்தித் தொண்ணூறு பேருல இருபத்து மூணு பேருதான் கண்டுபிடிச்சாங்க."

"மத்தவனுங்க?"

"உங்க கத்தி மொதல்லேர்ந்தே அங்கதான் இருந்துச்சுன்னு நெனச்சுட்டாங்கண்ணே."

சின்னக்கருப்பன் கண்ணாடித் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இருந்துச்சுல்ல. கொண்டாந்து உம் மேசையிலேயே வச்சேனேம்மா, மூணு வாட்டி."